இடது கை ஆட்டம்

"தொடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நீதான் தொட்டிருக்கே... மறைக்காதே!"

கணவன் கத்திய கத்தலில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. மணி ஒன்பதே முக்கால். பத்துக்கு வீடியோ காலில் பப்ளிஷர் வருகிறார். இரண்டு வருஷமாக வேலையை விட்டுவிட்டு அவன் ஒற்றை ஆளாகச் செய்த வீடியோ கேம். எட்டு கம்பெனிகள் கைவிரித்தாயிற்று. இவர்களும் பணம் போடாவிட்டால் கேமை மூட்டை கட்ட வேண்டியதுதான். கடைசியாக ஒத்திகை பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், கேமில் வரும் படகுக்காரி நகரவே மாட்டேன் என்கிறாள்! அம்புக்குறி பட்டன்களெல்லாம் செத்துக் கிடக்கின்றன.

"உன் சம்பளத்துலதான் வீடு ஓடுது, ஒத்துக்கறேன். அதுக்காக என் பொழப்புல மண்ணள்ளிப் போடுவியா?"

அவள் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம்... ஆனால் கதவோரம் நின்ற மாமியாரின் கண்கள் கெஞ்சின.

பக்கவாதத்தில் வலது கை விழுந்ததிலிருந்து மாமியார் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஒருநாள் மருமகள்தான் செட்டிங்கில் போய், பட்டன்களையெல்லாம் இடது கைக்கு எட்டுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தாள். "சும்மா ஒரு தடவை ஆடிப் பாருங்க அத்தை." அன்றிலிருந்து தினமும் மகன் குளிக்கப் போகும் நேரத்தில் ஆட்டம். முடிந்ததும் மருமகள் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடுவாள். "அவன்கிட்ட சொல்லிடாதேடி... இந்த வயசுல கேமான்னு சிரிப்பான்!" என்று சத்தியம் வேறு. இன்று பார்த்து மாற்ற மறந்து தொலைத்தாள்.

"நான்தாங்க மாத்தினேன்... ஒரே நிமிஷம், சரி பண்ணிடறேன்."

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம்! தள்ளிப் போ!"

அதற்குள் திரையில் பப்ளிஷர் அம்மாள் வந்துவிட்டார், பத்து நிமிஷம் முன்னதாகவே! அவன் விரல்கள் எதை எதையோ தடவின. படகு பாறையில் மோதியது. மறுபடியும் மோதியது.

"என்ன தம்பி, உங்க கேம் உங்களுக்கே ஆட வரலையா?"

"எந்திரிடா."

மாமியார்! நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை வைத்தாள். படகு சுழலைத் தாண்டி, பாலத்துக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய்க் கரை சேர்ந்தது. கேமராவில் அந்தக் கையைப் பார்த்த பப்ளிஷர் அம்மாள் திரையை நெருங்கி வந்தார்.

"ஒரே கையிலயா! யாரோட யோசனை இது?"

"என் மருமகளோடது. என் மானத்தைக் காப்பாத்த இவன்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டு நிக்கறாளே... அவ!"

பப்ளிஷர் அம்மாள் காலண்டரைப் புரட்டினார். "பணத்தைப் பத்தி இப்ப வாக்கு கொடுக்க முடியாது. ஆனா வெள்ளிக்கிழமை எங்க ஆளுங்க முன்னாடி இதைக் காட்டணும். மூணு பேரும் வாங்க."

திரை அணைந்தது. மாமியார் அந்த இடது கையாலேயே மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவன் கண்ணில் நீர் முட்டியது. "என்னை மன்னிச்சிடு..."

"மன்னிப்பு இருக்கட்டுங்க. கேம் ஆரம்பிக்கறப்போ உங்க பேர் மட்டும் வருதே... பணம் வந்தாலும் வராட்டியும், எங்க பேரும் வரணும்."

அவன் அப்போதே உட்கார்ந்து தன் பெயரை அழித்தான். "யார் பேரை முதல்ல போட?"

"அத்தை பேரை!"

"போடி... அவ பேரைப் போடுடா!"

சண்டை இன்னும் ஓயவில்லை. வெள்ளிக்கிழமைக்கோ மூன்றே நாள்தான் இருக்கிறது! நீங்களே சொல்லுங்கள்... யார் பெயர் முதலில் வர வேண்டும்?