ஒத்து அறுந்த நாலாவது நிமிடம்

காலை ஆறே காலுக்கே உலகம்மையின் வலது கன்னத்துக்குள் சீவாளி ஊறிக்கொண்டிருந்தது. நாணலைச் சீவிக் கட்டிய அந்த ஊதுவாய் எச்சிலில் நன்றாக ஊறினால்தான் பேசும். காய்ந்து கிடந்தால் கீச்சிடும். அதனால் காலை வேளைகளில் அவள் பேச்சு இடது ஓரத்திலிருந்துதான் வரும்.

"இன்னைக்கு நாலு எடம்," என்றாள் பிரம்மசக்தி, காதில் ஒட்டியிருந்த பேசும் பொட்டு வழியாக. உலகம்மையின் அண்ணன் மனைவி. உலகம்மையின் நாளைத் துண்டு போட்டு ஊருக்குப் பங்கு வைப்பவள் அவள்தான். "ஏழரைக்குத் துறைமுகம், பாரந்தூக்கி. ஒம்பதே காலுக்கு மட்டக்கடையில கல்யாணம். பதினொண்ணுக்கு ஆஸ்பத்திரி, பித்தப்பை. ஒண்ணே காலுக்கு மதகு."

"பித்தப்பைக்கும் மதகுக்கும் நடுவுல சோறு திங்க நேரம் இருக்கா மதினி?"

"டாக்டர் வெரசா முடிச்சா இருக்கு."

"அவரு எங்க முடிக்காரு? மிஷின்லா முடிக்குது."

"அப்போ மிஷின்ட்ட கேளு. எனக்கு அடுத்த போன் வருது."

உலகம்மை ஒத்துக் குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நாதஸ்வரத்தின் உடன்பிறப்பு அது. ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. ஒரே சுரம். நாயனக்காரர் ராகத்தில் எங்கே திரிந்தாலும், பக்கத்தில் ஒருவர் மூச்சு அறாமல் அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்து அதைத் தள்ளிக்கொண்டே மூக்கால் இழுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாடை கழன்று விழுந்துவிடும் போல இருக்கும். பிறகு பழகிவிடும்.

துறைமுகத்தில் அவள் ஊதுகூண்டுக்குள் உட்கார்ந்து குழலை வாயில் வைத்ததும் அறுபது டன் பெட்டி தரையை விட்டு எழுந்தது. அவள் ஊத ஊத அது நகர்ந்தது. கப்பலின் வயிற்றில் பெட்டி உட்கார்ந்ததும் வாயை எடுத்தாள். பாரந்தூக்கி அப்படியே நின்றது. அடுத்த பெட்டி. அடுத்த மூச்சு. பன்னிரண்டு பெட்டி முடிந்ததும் கைத்திரையில் நேரம் பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்கு ஓடினாள். அங்கே மட்டும் நிஜமான நாயனத்துக்கு நிஜமான ஒத்து. முந்நூறு பேர் அவளைக் கவனிக்காமல் இட்லி தின்றார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அங்கே அவள் வாயை எடுத்தாலும் எந்த இயந்திரமும் நிற்காது.

இந்தப் பிழைப்பு வந்த கதை சுருக்கமானது. பெரிய இயந்திரங்கள் தாமாகவே ஓடத் தொடங்கியபோது, பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் இயந்திரம் ஓடும். பொத்தான்மேல் செங்கல்லை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். பிறகு ஆளின் முகத்தைப் பார்க்கும் கேமரா வந்தது. அதன் முன்னால் முகத்தின் படத்தை ஒட்டினார்கள். குரல் கேட்டார்கள். எந்தக் குரலையும் இயந்திரமே பேசியது. செத்தவர்களை எண்ணிப் பார்த்த பிறகு யாரோ ஒத்தைக் கண்டுபிடித்தார்கள். கூண்டில் இருக்கும் செவிப்பெட்டி, கேட்டும் கேட்காத அளவில் ஒரு சின்னச் சுரத்தை உரசிவிடும். உயிருள்ள ஈர உதடு தன்னையறியாமல் மயிரிழை அளவு அந்தப் பக்கம் சாயும். பதிவு செய்த ஒலி சாயாது. மூச்சின்மேல் செங்கல் வைக்க முடியவில்லை. அதுதான் உயிரொத்துச் சட்டம். ஊதினால் இயந்திரம் ஓடும், நிறுத்தினால் நிற்கும். ஊருக்குள் முப்பத்தேழு ஒத்துக்காரர்கள்தான் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு நாள்கூட ஒழிவில்லை.

ஆனால் சட்டம் போட்டவர்கள் இன்னொன்றும் எழுதி வைத்தார்கள். காரணமில்லாமல் நடுவில் ஒத்தை அறுத்தால் அது வெற்றறுப்பு. ஒரு வருடத்தில் மூன்று வெற்றறுப்பு விழுந்தால் கழுத்தில் தொங்கும் உரிம வில்லை செத்துவிடும். வில்லை இல்லாமல் எந்தக் கூண்டும் திறக்காது.

உலகம்மைக்கு ஏற்கெனவே இரண்டு இருந்தன. ஒன்று தும்மல். மற்றது ஒரு நாய். பாரந்தூக்கிக்கு அடியில் ஏதோ நிழல் ஓடியதென்று நிறுத்தினாள். நாய் பிழைத்தது. நாய் ஆளில்லை என்று மூச்சுக்காவல் வாரியம் எழுதிவிட்டது. மூன்றாவது விழுந்தால் உப்பளம்தான். அவள் அம்மா அங்கேதான் உப்பு வாரினாள். அந்தக் குதிகால் வெடிப்புகளை உலகம்மை சின்ன வயதில் விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள். அதற்குத் திரும்பிப் போவதாக இல்லை.

அதனால் இந்த ஐந்து மாதமாக அவள் எதையும் பார்ப்பதில்லை. கூண்டில் உட்கார்ந்தால் கண்ணை எதிர்ச் சுவரில் குத்திக்கொண்டு ஊதுவாள். சில நாள் வீட்டில் படுத்திருக்கும்போதுகூடக் கன்னம் தானாக உப்பித் தணியும். அது அவளுக்குப் பயமாக இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

பித்தப்பை இழுத்துவிட்டது. சோறில்லை. ஒன்று இருபதுக்குக் கடல்மதகில் வந்து இறங்கினாள்.

கடல் மேலேறி வந்த பிறகு ஊரின் கிழக்கே கட்டிய நீண்ட கரையில் இருந்த வாசல் அது. நானூறு டன் இரும்புக் கதவு. கடல் ஓதம் இறங்கும்போது திறந்து ஊர்த் தண்ணீரை வெளியே விடுவார்கள். ஏறும்போது மூடுவார்கள். மூட ஒன்பது நிமிடம். கதவு ஓடும் குழியில் தினமும் சேறு அடையும். அதை மட்டும் மனிதர்கள்தான் வாரினார்கள். உப்புச்சேறு இயந்திரத்தின் பல்லைத் தின்றுவிடும். மனிதனுக்கு அரிப்பு மட்டும்தான் வரும், அது அவன் பாடு.

"என்னம்மா, பித்தப்பையோட பேச்சு முடியலையா?" என்றார் மதகுக் கண்காணிப்பாளர் கஸ்பார். "ஒண்ணு நாப்பதுக்கு ஓதம் உச்சி. மூடலன்னா உப்பளத்துல தண்ணி ஏறிரும்."

"ஆஸ்பத்திரில விடல அண்ணே."

குழியிலிருந்து ஆட்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். பதினோரு பேர். ஏறி வரும் ஒவ்வொருவனும் மம்பட்டியைத் தென்பக்க ஏணிக் கம்பியில் ஒரு தட்டு தட்டிச் சேற்றை உதிர்ப்பான். டண். டண். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை, சேறு உதிர வேண்டும் என்பதற்காகத் தட்டுவது. எப்போதும் கடைசியாக வருபவர் பலவேசம். அவர் மம்பட்டி அகலம், ஒரு தட்டில் உதிராது. டண்-டண்.

மதகில் அவளை வம்புக்கு இழுப்பவரும் அவர்தான். "வந்துட்டாடே, எல்லாத்துக்கும் ஒத்து ஊதுறவ," என்பார் தினமும். "கம்பெனிக்காரன் எங்க கழுத்த அறுத்தாக்கூட ஊதுவியாட்டி?"

"உங்க கழுத்துல சேறுல்லா இருக்கு அண்ணாச்சி. கத்தி எறங்காது," என்பாள் அவள். பத்துப் பேரும் சிரிப்பார்கள்.

இன்று வம்புக்கு நேரமில்லை. ஏணிக்கு முதுகு காட்டிக் கூண்டில் உட்கார்ந்து சீவாளியைச் சொருகினாள். கஸ்பார் உடம்புச் சூட்டைக் காட்டும் வெப்பக்கண் திரையைப் பார்த்தார். "குழி காலி. ஊது." ஒன்று இருபத்தைந்து. அவள் ஊதினாள். கதவு முனகிக்கொண்டு நகர்ந்தது.

ஒரு நிமிடம். இரண்டு. எதிர்ச் சுவரில் கண். பசியில் வயிறு இழுத்தது. மூன்றாவது நிமிடம் முடியும்போது ஏதோ ஒன்று குறைந்தது. கதவில் இல்லை. அவளுக்குள். முடிய வேண்டிய ஒன்று முடியாமல் நிற்பது போல. தாளம் போடுகிறவன் கடைசி அடியைப் போடாமல் கையைத் தூக்கியபடியே எழுந்து போய்விட்டது போல.

டண்-டண் வரவில்லை.

அப்படித்தானா? காதில் விழாமல் போயிருக்கலாம். அவர் இன்று வேலைக்கே வராமல் இருக்கலாம். வெப்பக்கண் குழி காலி என்கிறது. ஆனால் தலையிலிருந்து கால்வரை குளிர்ந்த சேறு பூசிய ஆள் அந்தக் கண்ணுக்குப் பாதி நேரம் தெரியமாட்டான். அது எல்லாருக்கும் தெரியும், கஸ்பாருக்கும்.

கேட்டுவிடலாம். வாயில்தான் குழல் இருக்கிறதே. கேட்க வேண்டுமானால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மூன்றாவது.

ஊதிக்கொண்டே இடது கையின் இரண்டு விரலால் தொடையில் தட்டிக் காட்டினாள். டண்-டண்.

"என்ன, ரெண்டு நிமிசமா? இன்னும் அஞ்சு இருக்கு. ஊது."

கையை மம்பட்டி போல வளைத்து இழுத்துக் காட்டினாள்.

"சோறா? முடிச்சிட்டுத் திங்கலாம்மா. ஓதம் நிக்குமா உனக்காக?"

கண்ணை உருட்டினாள். கஸ்பார் கடிகாரத்தைப் பார்த்தார். செவிப்பெட்டி தன் சின்னச் சுரத்தை உரசியது. அவள் உதடு சாயும் என்று அதற்குத் தெரியும். சாய்ந்தது. கன்னம் உப்பித் தணிந்தது. அவளைக் கேட்காமலே தணிந்தது.

வாயை எடுத்தாள்.

கதவு நின்றதும் வந்த அமைதியில் அவளுடைய மூச்சிரைப்பு அவளுக்கே கேட்டது. முதல் சொல் எச்சிலோடு வந்தது. "பலவேசம் எங்க?"

"என்னது?"

"பலவேசம் அண்ணாச்சி! ரெட்டைத் தட்டு கேக்கல!"

கஸ்பார் திட்ட வாயைத் திறந்தார். திறந்த வாயோடு கரையோரம் ஓடினார். பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பின்னாலதான வந்தாரு?" "உன் பின்னாலயா, என் பின்னாலயா?" நான்கு பேர் கஸ்பாரின் கத்தலைக் கேட்காமல் குழிக்குள் குதித்தார்கள். கொஞ்ச நேரம் சேற்றில் கால் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒருவன் கீழே இருந்து ஒரு மம்பட்டியைத் தூக்கிக் காட்டினான். அகலமான மம்பட்டி.

உலகம்மை எழுந்து நின்றாள். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடே கூட்டம்?" என்று ஒரு குரல் கேட்டது. வடக்குக் கரையிலிருந்து கையில் டீ கிளாசோடு பலவேசம் நடந்து வந்துகொண்டிருந்தார்.

அவரே சொன்னார். மம்பட்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. நாளைக்கும் இந்தச் சேற்றில்தானே வேலை, அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். மம்பட்டி இல்லாதவனுக்குத் தட்ட என்ன இருக்கிறது? வடபக்க ஏணி டீக்கடைக்குக் கிட்டம். அவ்வளவுதான்.

"ஒரு மம்பட்டிக்காக நானூறு டன்ன நிறுத்திட்டாளே!" என்று கஸ்பார் தலையில் அடித்துக்கொண்டார்.

உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது. ஆள் இருக்கிறார், கையில் டீ வேறு. அதற்கும் அடியில் இன்னொரு நிம்மதி இருந்தது. அதை அவள் மெதுவாகத்தான் கண்டுகொண்டாள். நிறுத்த முடிந்திருக்கிறது. இந்த வாய் இன்னும் அவளுடையதுதான்.

பாதியில் நின்ற கதவு முழுதும் திறந்த பிறகுதான் மறுபடி மூடும். மூடி முடிக்கும்போது ஓதம் உச்சியைத் தாண்டிவிட்டது. இரண்டு பாத்தி உப்பு கரைந்தது. உப்பளத்துப் பெண்கள் கரைமேல் நின்று அவளைப் பேசிய பேச்சு வடபக்க டீக்கடைவரை கேட்டது. அவர்கள் பேசியதிலும் தப்பில்லை. அவள் கூண்டை விட்டு இறங்கும்போது கழுத்து வில்லை சிவந்து, இரண்டு வரி காட்டிவிட்டு அணைந்தது. "மூன்றாம் வெற்றறுப்பு. விசாரணை வியாழன்."

வியாழக்கிழமை மூச்சுக்காவல் வாரியத்தில் அதிகாரி நப்பின்னை கோப்பைத் திறந்து வைத்திருந்தார். சின்ன வயதுதான். பேசுவதை எழுதிக்கொள்ள மேசைமேல் ஓர் எழுத்துப்பொறி இருந்தது. உலகம்மை ஒரு பக்கம், கஸ்பார் ஒரு பக்கம். பின்னால் கூப்பிடாமலே வந்த பதினோரு பேர், கழுவியும் போகாத சேற்று வாடையோடு.

"ஆள் உள்ளே இருப்பது உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா?" என்று கேட்டார் அதிகாரி.

"தெரியாதும்மா."

"பிறகு ஏன் நிறுத்தினீர்கள்?"

"கேக்கணும்னா நிறுத்தணும்லா. வாய் ஒண்ணுதான இருக்கு."

அதிகாரி கஸ்பாரைப் பார்த்தார். கஸ்பார் தொண்டையைச் செருமினார். "பத்துப் பேரு ஏறுனதத்தான் நான் பாத்தேன் மேடம். அதுவும் அவ நிறுத்துன பொறவு யோசிச்சப்பதான் தெரிஞ்சுது."

"சட்டம் ஒரே கேள்விதான் கேட்கிறது. அந்த நிமிடத்தில் குழிக்குள் ஆள் இருந்தாரா, இல்லையா?"

பலவேசம் எழுந்தார். "இருந்தேன்னு வச்சிக்கிடுங்க."

"இருந்தீர்களா?"

"டீக்கடைல இருந்தேன். அது எனக்குத் தெரியும், டீக்கடைக்காரனுக்குத் தெரியும். இங்க இருக்குற ஒருத்தனுக்காவது தெரியுமா? அவ நிறுத்திக் கேக்குறவரைக்கும் நான் குழிக்குள்ளதாம்மா இருந்தேன்."

எழுத்துப்பொறி அந்த வாக்கியத்தில் திக்கி, "மீண்டும் சொல்லவும்" என்றது. பதினோரு பேரும் சிரித்துவிட்டார்கள். நப்பின்னை சிரிக்கவில்லை. பொறியை அணைத்துவிட்டு, ஒரு பேனாவை எடுத்துக் கையால் எழுதினார். வெகுநேரம் எழுதினார்.

வெளியே வந்ததும் பலவேசம் சொன்னார்: "பாத்தியாட்டி? இன்னைக்கு உனக்கு நாங்க ஒத்து ஊதிட்டோம்."

அடுத்த மாதம் விதியில் ஒரு புதுச் சொல் ஏறியது. கேள்வியறுப்பு. ஒரு வேலைக்கு ஒரு தடவை, அரை நிமிடம், ஊதுகிறவர் வாயை எடுத்துக் கேட்கலாம். வெற்றறுப்பில் சேராது. கதவு திரும்பிப் போக வேண்டியதில்லை. கம்பெனிகள் முணுமுணுத்தன. முப்பத்தேழு ஒத்துக்காரர்களும் முதல் வாரம் கேட்காத கேள்வி இல்லை. ஆஸ்பத்திரியில் ஒருத்தி, "சரியான ஆளைத்தானே படுக்க வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாளாம். டாக்டர் சீட்டைச் சரிபார்த்துவிட்டு வேர்த்துப்போனாராம்.

மூன்றாவது அறுப்பு தள்ளுபடியாகி வில்லை பச்சையான முதல் நாளே பிரம்மசக்தி ஐந்து இடம் பிடித்து வைத்திருந்தாள். மதகுக்கு உலகம்மை ஓட்டமாகத்தான் வந்தாள். கஸ்பார் கடிகாரத்தைக் காட்டினார். ஊதினாள். கதவு நகர்ந்தது. நாலாவது நிமிடத்தில் வாயை எடுத்தாள்.

"எல்லாரும் ஏறியாச்சா?"

கஸ்பார் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். பதிலுக்கு ஏணிக் கம்பியில் பத்துத் தட்டு விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. பத்து நொடி. பதினைந்து. உலகம்மை சீவாளியை விரலில் பிடித்தபடி இருந்தாள். இந்தத் தடவை அவளுக்கு அவசரமில்லை.

வடக்குக் கரையிலிருந்து கண்ணாடி கிளாசில் கரண்டி இரண்டு தரம் தட்டியது.

"இருக்கேம்ட்டி! ஊது!"