உப்பு தடவிய கன்று

வைக்கோல் கன்றின் இடது விலா ஈரமாக இருந்தது.

லின்சி அதை வாசலில் நின்றபடியே பார்த்தாள். மாட்டுக்கொட்டகைக்குள் அவள் போவதில்லை. போகக் கூடாது என்பது டாக்டர் துரைராசுவின் கண்டிப்பான உத்தரவு. ஆனால் அடைக்கலசாமியின் கொட்டகை வீட்டுச் சுவரை ஒட்டியே இருந்ததால், வாசலில் நின்று மாத்திரை கொடுக்கிறவள் அந்தக் கன்றைப் பார்க்காமல் இருக்க முடியாது. செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, கோணி ஊசியால் தைத்து, நான்கு மூங்கில் குச்சிகளைக் காலாகச் செருகி நிறுத்தியிருந்தார்கள். கன்றைப் பறிகொடுத்த மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அதன் முன்னால் இப்படி ஒன்றை நிறுத்தி, தோலில் உப்பைத் தடவிவிட்டால், தன் கன்றென்று நினைத்து நக்கும். நக்க நக்கப் பால் இறங்கும். பெற்றவளை ஏமாற்றுவதற்கு மனிதர்கள் எத்தனை பாடுபட்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு முதல் நாளே எரிச்சலாக இருந்தது.

ஆனால் அந்த மாடும் செத்துவிட்டது. தென்னந்தோப்பில் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தும் ஆயிற்று. லின்சி கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஆஸ்பெஸ்டாஸில் ஒழுகல் இல்லை. தரை காய்ந்து கிடந்தது.

"ஐயா, கன்னுக்குட்டி நனைஞ்சிருக்கே."

அடைக்கலசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பிப் பார்த்தார். "உப்பு தடவினதுல்ல நர்சம்மா. ஐப்பசிக் காத்துக்கு உப்பு கசியத்தானே செய்யும்."

நியாயமான பதில்தான். அவள் வீட்டு உப்பு ஜாடியும் இந்த மழையில் கசிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சைக்கிளை மிதித்துக் காவிரிக் கரைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு வேறொன்று உறைத்தது. கசிகிற உப்பு உடம்பு முழுவதும் அல்லவா கசிய வேண்டும். ஈரம் ஒரே பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்து மயிர் முழுவதும் ஒரே திசையில், சீப்பால் வாரிவிட்ட மாதிரி படிந்திருந்தது.

எல்லாம் அந்தக் கலப்பின மாட்டில் தொடங்கியது. அடைக்கலசாமியின் மகன் சகாயராஜ் குவைத்தில் இருந்து அனுப்பிய பணத்தில் கூரை வீடு மெத்தை வீடானது, கலர் டி.வி. வந்தது, கடைசியாக மாடு வந்தது. தனியார் பால் வண்டி தெருவுக்கே வந்து நின்று ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்த காலம். மாடு நிறைமாதம் ஆவதற்குள் கன்றை வீசிவிட்டது. வழக்கமாகத் தோல் கன்று கட்டித் தருகிற வீரையன் வந்து பார்த்துவிட்டு, மாசம் நெறையாம விழுந்ததை உரிக்கக் கூடாதுங்க, என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டான். அடைக்கலசாமிக்குப் பால் வண்டியின் நினைப்பு. தானே கத்தியை எடுத்தார். அவர் மனைவி சவரியம்மாள் வைக்கோலைத் திணித்தாள். அறுப்பில் அரிவாள் பட்டுக் கீறிய கைகள் இருவருக்கும்.

பிறகு காய்ச்சல். பகலெல்லாம் சும்மா இருந்துவிட்டு, பொழுது சாய்கிறபோது ஏறும். விடிவதற்குள் பாய் நனைய வியர்த்து இறங்கும். மூட்டெல்லாம் கழன்று விழுவதுபோல வலி. டைபாய்டுக்கு மருந்து கொடுத்தார்கள், மலேரியாவுக்குக் கொடுத்தார்கள். டாக்டர் துரைராசுதான் கடைசியில், வீட்டில் மாடு உண்டா, கன்று வீசியதா என்று கேட்டார். தஞ்சாவூருக்கு அனுப்பிய ரத்தத்தில் விடை வந்தது. மாட்டின் கருவைக் கலைக்கிற கிருமி மனிதர்களிடம் இறங்கியிருந்தது.

மாத்திரையை நீண்ட நாள் விழுங்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுகிறவர்களுக்கு அது திரும்பி வரும். அதனால் தினமும் சாயங்காலம் லின்சி போய், கண் முன்னால் விழுங்கவைத்து, காய்ச்சல் பார்த்து, மாத்திரையால் மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா என்று கண்ணிமையை விலக்கிக் காட்டச் சொல்லி எட்ட நின்றே பார்த்துவிட்டு வருவாள். அந்தச் சிவப்பு மாத்திரை சிறுநீரையும் வியர்வையையும் கண்ணீரையும்கூடச் செம்மஞ்சளாக்கிவிடும். சவரியம்மாளின் தலையணை உறையில் காவி படிந்திருந்தது.

லின்சி எட்ட நிற்பதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு கரு தங்கவில்லை. கணவன் ஜெனித் கத்தாரில் இருந்து விடுமுறைக்கு வந்துபோன பிறகு உண்டான இது, இப்போதுதான் அசையத் தொடங்கியிருந்தது. டாக்டரைத் தவிர வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம்.

"மாட்டுக்குச் செய்யறதை மனுஷிக்கும் செய்யுமான்னு உன் வயித்துல சோதிச்சுப் பாக்க வேண்டாம்," என்றிருந்தார் டாக்டர். "வேற ஆள் இருந்தா உன்னை அனுப்பவே மாட்டேன். வாசலோட வந்துடு."

மறுநாளும் கன்று ஈரமாக இருந்தது. அதற்கு மறுநாளும். ஈரத்தில் நுரை இருந்தது.

நிழல் நீள்கிற நேரம். சம்பா நட்ட வயல்களிலிருந்து சேற்று வாசனை வந்தது, எங்கோ கோயிலில் ஜெபமாலைக்கு மணி அடித்தது, தெருக்கோடியில் பால் வண்டி ஹாரன் அடித்துவிட்டு யாரும் வராததால் கிளம்பிப் போனது. லின்சி தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்தாள். அப்போது சுவருக்கு அப்பால், கொட்டகைக்குள், சொரசொரப்பான எதையோ எதன் மேலோ நீளமாக இழுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது.

சரக்.

கொஞ்சம் இடைவெளி. சரக்.

மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள் அவள். அந்தச் சத்தம் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடைக்கலசாமியைப் பார்த்தாள். அவர் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கட்டிலில் கிடந்த சவரியம்மாள்தான் பேசினாள். காய்ச்சல் அவளுக்கு மட்டும் இறங்கவே இல்லை. நெற்றியில் செம்மஞ்சள் துளிகள் நின்றன.

"பயப்படாதீங்க நர்சம்மா. அது யாரையும் ஒண்ணும் பண்ணாது. கன்னைப் பாத்துட்டுப் போயிடும்."

"எதும்மா?"

"அதுதான். செத்துட்டோம்னு அதுக்குத் தெரியல போல."

லின்சி சிரிக்க முயன்றாள். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதை அவளே நம்பவில்லை.

டாக்டர் துரைராசு அந்தக் கன்று இன்னும் நிற்கிறது என்று கேட்டதும் மேசையைத் தட்டினார். "கிருமியைப் பக்கத்துல நிக்கவச்சுக்கிட்டு மாத்திரை முழுங்கினா எப்படிக் காய்ச்சல் விடும்? அந்தம்மா தெனம் அதைத் தொட்டுத் தடவிக்கிட்டு இருக்கும். எரிக்கச் சொல்லு. இல்லேன்னா முதுகெலும்புல எறங்கிடும், அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டாங்க."

எரிப்பதற்கு ஆள் இல்லை. அடைக்கலசாமியால் குனிய முடியவில்லை. முடிந்தாலும் கொட்டகைப் பக்கம் போக மாட்டேன் என்றார், காரணம் சொல்லவில்லை. டி.பி.க்கும் அதே சிவப்பு மாத்திரைதான் என்பதால், அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்து இது டி.பி.தான் என்று முடிவு செய்து வேலியைத் தாண்டி வருவதையே விட்டிருந்தார்கள். வீரையனுக்கு ஆள் அனுப்பினாள். அவன் வரவில்லை. சவரியம்மாளோ நாளுக்கு நாள் கட்டிலோடு ஒட்டிக்கொண்டே போனாள். கண் முன்னால் ஒருத்தி கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டு மாத்திரையை மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டு வர லின்சிக்கு மனசு கேட்கவில்லை.

நல்ல வெயில் அடித்த ஒரு பகலில் அவளே போனாள். கையுறை, முகத்தில் இரட்டைத் துணி. வயிற்றைச் சுற்றிப் பழைய புடவையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கொட்டகை வாசலில் நின்று, தேங்காய் பறிக்கிற துறட்டிக் கோலை நீட்டி, கன்றின் கழுத்தில் கொக்கியை மாட்டி இழுத்தாள். லேசாகத்தான் இருந்தது. வெயிலுக்கு வந்ததும் அதன் இடது விலாவைப் பார்த்தாள். அங்கே மயிரே இல்லை. நக்கி நக்கித் தேய்ந்து, தோல் மெலிந்து, இளஞ்சிவப்பாக இருந்தது. செத்த தோலுக்கு அந்த நிறம் வராது.

புகை மேலே படாதபடி காற்று வருகிற பக்கம் நின்று மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். உப்பு படபடவென்று வெடித்தது. மூங்கில் கால்கள் ஒவ்வொன்றாக மடங்க, கன்று முன்னங்காலில் மண்டியிட்டது. அப்போது தென்னந்தோப்புப் பக்கமிருந்து மாடு கத்தியது. அடிவயிற்றிலிருந்து, நீளமாக, ஒரே தடவை. தெருவில் கட்டியிருந்த மாடுகள் எல்லாம் அசைபோடுவதை நிறுத்திவிட்டுத் தோப்பைப் பார்த்தன. லின்சி தோப்புப் பக்கம் திரும்பாமல் தீ அணையும்வரை காத்திருந்தாள். சாம்பலின் மேல் சுண்ணாம்பைக் கொட்டி மூடிவிட்டு, குழாயடியில் கை தோலுரியும்வரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

காய்ச்சல் இறங்கியது. முதலில் அடைக்கலசாமிக்கு, பிறகு சவரியம்மாளுக்கும். எடை ஏறத் தொடங்கியது. டாக்டர் வாய்விட்டுப் பாராட்டினார். லின்சியின் ரத்தத்தையும் சோதிக்க அனுப்பினார். அவளிடம் கிருமி எதுவும் இல்லை என்று வந்தது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஜெனித் கூப்பிட்டபோது அவள் அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான்.

கடைசி மாத்திரையை விழுங்கிய அன்று சவரியம்மாள் எழுந்து வாசல்வரை நடந்து வந்தாள். முகம் தெளிந்திருந்தது. லின்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனையாவது மாசம் நர்சம்மா?"

லின்சி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். நர்ஸ் கோட்டுக்கு மேல் எதுவும் தெரியாது. தெரியாதபடிதான் போட்டிருந்தாள்.

"நான் யார்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்கல," என்றாள் சவரியம்மாள். குரல் தாழ்ந்திருந்தது. "நீங்க வந்து நின்னா, கொஞ்ச நேரத்துல அது கன்னை நக்குறதை விட்டுட்டு வாசப்பக்கமாத் திரும்பி நிக்கும். சொவத்துக்கு இந்தண்டை இருந்து எனக்குத் தெரியும். உங்க வயித்துல ஒண்ணு இருக்குன்னு அப்பவே நெனச்சேன். இருந்த கன்னையும் எரிச்சிட்டீங்க. எங்களுக்காகத்தான் செஞ்சீங்க. நான் மாதாகிட்ட உங்களுக்காக வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

திருக்காட்டுப்பள்ளியில் தான் குடியிருந்த வாடகை வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று லின்சிக்கே நினைவில்லை. கதவைச் சாத்தினாள். தாழ் போட்டாள். குளித்தாள். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. கரண்ட் போயிருந்தது, தூறல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது, அடுத்த வீட்டில் யாரோ மீன் குழம்பு தாளித்தார்கள். எல்லாம் எப்போதும்போல இருந்ததே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பாயை விரித்து, இடது பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்தாள்.

மீன் வாசனை மங்கியது. அந்த இடத்தில் வேறொன்று வந்தது. மென்ற வைக்கோல். வெதுவெதுப்பாக. முகத்துக்கு மிக அருகில்.

கண்ணைத் திறந்தாள். அறையில் யாரும் இல்லை. கொடியில் துண்டு தொங்கியது. தாழ் போட்டபடியே இருந்தது.

இடுப்புப் பக்கம் புடவை நனைந்திருந்தது.

வியர்வை, என்று நினைத்தாள். தலைமுடித் தண்ணீர். தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுத்தது. நுரைத்தது.

எழ வேண்டும் என்று நினைத்தாள். கை வரவில்லை. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினாள். அடுத்த சொல் வரவில்லை.

புடவை மெல்ல விலகியது. தானாக.

சரக்.

அடிவயிற்றிலிருந்து விலாவரை. நீளமாக. சொரசொரப்பாக. பொறுமையாக.

வலிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அதில் கோபமே இல்லை.

சரக்.

தோல் சிவந்தது. மூச்சு அவள் மேல் பட்டது. ஈரமாக. கனமாக.

குழந்தை விழித்துக்கொண்டது. புரண்டது. நாக்கு போன பக்கமாகத் திரும்பியது. லின்சி இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொள்ளப் பார்த்தாள். விரல் மட்டும் அசைந்தது.

உள்ளிருந்து குழந்தை முட்டியது. ஒரு தடவை. நிறுத்தி, மறுபடியும். பசித்த கன்று தாயின் மடியை முட்டுவதுபோல, தலையால்.