நக்கிப் பார்த்த சுவர்

வெயிலே எட்டிப் பார்க்காத மூலையில் அந்தச் சுவர் வேர்த்திருந்தது.

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வெள்ளைக்காரன் கட்டிய ஊராம், ஒரு கல்கூட மாறாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்களாம், சனி ஞாயிறு ஆனால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் அள்ளுமாம். வேலை வேலை என்று பறக்கும் மனுஷனை நச்சரித்து இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து வெளியூர் வந்தது இதுதான் முதல் தடவை. வந்து பார்த்தால் வரிசை வரிசையாக வெள்ளை வீடுகள், பச்சை ஜன்னல்கள், துடைத்துவிட்டாற்போல் தெரு, எல்லாவற்றுக்கும் மேலே கழுவாமல் போட்ட கறிச்சட்டியின் வாடை.

அவள் புருஷனை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயின்ட் வேலை. பழைய சுவரைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. நகத்தால் ஒரு செதிலைப் பெயர்த்து நாக்கு நுனியில் வைத்து, உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்த்துவிடுவார். வேலைக்குப் போன இடத்தில் செய்தால் சரி. மாமனார் வீட்டுக் கூடத்திலும் செய்தவரை என்னவென்று சொல்வது? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

இங்கேயும் செய்தார்.

"ச்சீ! ஊரான் வீட்டுச் சுவத்த நக்குறீங்களே, வெக்கமா இல்ல?"

"உப்பே இல்லடி." மேஸ்திரி உதட்டைச் சப்பினார். "வாயில வெச்சதும் வெண்ணெய் மாதிரி கரையுது. என்னத்தக் குழைச்சு அடிச்சானுங்களோ!"

சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். அடுத்த தெருவில் இன்னொரு செதில். அதற்கடுத்த தெருவில் பேசிக்கொண்டே கையைப் பின்னால் விட்டுச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டார். மதியம் தட்டைத் தள்ளிவிட்டு, வயிறு நிறைந்திருக்கிறது என்றார். அவர் கடைவாயில் வெள்ளையாக நுரை கட்டியிருந்தது. அதைத் துடைத்துவிடக்கூட அவளுக்குக் கை கூசியது.

ராத்திரி தங்க எடுத்த அறையின் சாவியைக் கொடுக்கும்போது விடுதிக்கார அம்மா மேஸ்திரியின் நகங்களையே பார்த்தாள்.

"சுவத்துல கை வெச்சாராம்மா?"

"ஐயய்யோ, இல்லக்கா." மானம் போகிறதே என்று வாய் முந்திக்கொண்டு பொய் சொல்லிவிட்டது.

"அப்ப சரி. வெச்சிருந்தா இந்த நிமிஷமே கூட்டிட்டுப் போயிடுன்னு சொல்லியிருப்பேன்."

ஊரெல்லையில் சாயங்காலம் ஒரு பஸ் இருந்தது. எப்படியாவது அவரை அதில் ஏற்றிவிட வேண்டும். முகம் மட்டும் கழுவிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று குளியலறைக்குள் போனாள்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு ஊடே வேறொரு சத்தம். முதலில் சரக் சரக்கென்று எலி பிறாண்டுவதுபோல் இருந்தது. பிறகு ஈரமாக, நிதானமாக, சப்பிச் சப்பி உறிஞ்சும் சத்தம். குழாயை மூடினாள். அது நிற்கவில்லை.

"என்னங்க?"

ஈர முகத்தோடு அறைக்குள் ஓடி வந்தாள்.

மேஸ்திரி கட்டிலில் மண்டியிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் சுரண்டிய பள்ளத்தில் செங்கல் இல்லை. சிவப்பாக, வழவழவென்று சதை. ஓரத்தில் பொடிப்பொடியாக முடி. கைமுடி மாதிரியே, சிலிர்த்து நின்றது.

குமட்டியது. அங்கேயே வாந்தி எடுத்தாள்.

"எந்திரிங்க! பஸ் போயிடும்!" தோளைப் பிடித்து இழுத்தாள். தலை வரவில்லை. அவர் நாக்கு பள்ளத்துக்குள் போயிருந்தது. எங்கே நாக்கு முடிகிறது, எங்கே சுவர் தொடங்குகிறது, தெரியவில்லை. உதடும் ஒட்டியிருந்தது. கன்னமும்.

வெளியே பஸ்ஸின் ஹாரன். ஒருமுறை. தூரத்தில் இன்னொரு முறை. போய்விட்டது.

கதவு திறந்தது. விடுதிக்கார அம்மா. கையில் சுண்ணாம்பு வாளியும் வெள்ளையடிக்கும் மட்டையும்.

"என் புருஷனக் காப்பாத்துங்கக்கா!"

"கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே, கண்ணு. இனிமே இழுத்தா பாதி ஆள்தான் வருவாரு." அலுப்போடு மட்டையை வாளியில் முக்கினாள். "தள்ளிக்கோ. காயத்தத் தொறந்து விட்டா ஈ மொய்க்கும்."

முதல் பூச்சு பிடரியில். அடுத்தது காதில். அதற்கடுத்தது முகத்தில். சுண்ணாம்பு வழிந்து அவருடைய திறந்த கண்ணுக்குள் இறங்கியது. கண் மூடவில்லை. வெள்ளைக்கு அடியில் தொண்டை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மடக். மடக்.