கம்பி உடைந்த மார்பு

காலை எட்டு மணிக்கு மறுபடியும் எங்கோ ஒரு கைபேசி சிணுங்கியது. மூன்று நாளாக இதே நேரம், இதே ஓசை. குழந்தைராஜ் சட்டைப்பையைத் தடவினார், அலமாரியைக் குடைந்தார், தலையணையைக்கூட உதறினார். குனிந்தபோதுதான் புரிந்தது. சத்தம் அவர் மார்புக்குள்ளிருந்து வந்தது.

இடது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கடியில், அந்தக் கருவி இருந்தது. இதயம் தறிகெட்டு ஓடினால் ஷாக் கொடுத்து அடக்குவதற்காக வைத்தது. அதிலிருந்து ஒரு கம்பி இதயத்துக்குள் இறங்கியது. இடது தோளில் பாரம் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் மாதா சப்பரத்துக்கு முன்பக்கம் இடது தோள் கொடுப்பது நான்கு தலைமுறையாக அவர்கள் வீட்டு உரிமை. ஒரு வருடம் விட்டால் பங்காளிகள் பிடித்துக்கொள்வார்கள். போன வாரத் திருவிழாவில் தூக்கினார். நடுத்தெருவில் உள்ளே ஏதோ நறுக்கென்றது. மாதாவைத் தூக்கினால் ஒன்றும் ஆகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டார், மடையன்.

அவர் கூப்பிட்டுச் சொன்னதும், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இந்தக் கருவிகளைப் பரிசோதிக்கும் கிளாட்சன் போனில் பதறினார்.

“அது அலாரம் சார். கம்பி உடைஞ்சிருக்கும்போல. உடைஞ்ச இடம் உரசினா, இதயம் வேகமா ஓடுதுன்னு மிஷின் தப்பா நெனச்சு ஷாக் குடுத்துடும். இடது கையை அசைக்காதீங்க. ஆம்புலன்ஸ் அனுப்புறேன்.”

மனைவி அருள்ஜோதி வயலில் இருந்தாள். அறுப்பு மிஷின் இரைச்சலில் போனை எடுக்கவில்லை. ஈர வைக்கோல் வாடை ஜன்னல் வழியே நுழைந்தது, மின்விசிறியின் நிழல் சுவரில் சுற்றிச் சுற்றி வந்தது, அவர் இடது கையை வலது கையால் மடியோடு அணைத்துக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டபடி, நிலைகொள்ளாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கையில் ஈ உட்கார்ந்தது. ஊர்ந்தது. அரித்தது.

கை தானாகத் துள்ளியது.

மாடு நெஞ்சில் உதைத்தாற்போல அடி விழுந்தது. தரையில் கிடந்தார். நாக்கைக் கடித்திருந்தார். இன்னொன்று.

ஆம்புலன்ஸ் வீட்டுப்பக்கம் திரும்பியதைப் பார்த்து, தலையெல்லாம் வைக்கோல் தூசியோடு அருள்ஜோதி வயலிலிருந்து ஓடிவந்தாள். “அய்யோ, மறுபடியும் நெஞ்சா? வாசல்ல ஆம்புலன்ஸ் வந்துட்டுதுங்க. எழுந்திரிங்க!”

தொடாதே என்று சொல்ல வாய் திறந்தார். ரத்தம்தான் வந்தது. அவள் அவருடைய இடது கையை இழுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு தூக்கினாள்.

அடி.

ஒரு எட்டு வைத்தாள். அடி.

அந்த அதிர்வு அவள் உடம்பிலும் ஓடியது. அவள் முகம் மலர்ந்தது.

“பயப்படாதீங்க. மிஷின் வேலை செய்யுது. உங்களைக் காப்பாத்துது.”

அவர் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்து, கடவுளுக்கு நன்றி சொல்லியபடி, அவள் அடுத்த எட்டு வைத்தாள்.