பதினேழு ஆர்கிட், நாற்பது ஆணி

மார்ச் 12, செவ்வாய். காலை 7.40.

ஹார்ல்பி கிராமத்துக் கீழ்ப்புல்வெளியில் நாற்பது குழிகள் வாய் பிளந்து கிடந்தன. முந்தின நாள் சாயங்காலம் வரை அங்கே ஈரப் புல்லைத் தவிர வேறொன்றும் இல்லை.

முதலில் பார்த்தவர் ஹெஸ்டர் கெரிசன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஊர்மன்றத்தின் சுற்றுச்சூழல் குழுவுக்குத் தலைவி. எந்த வீட்டுக் குப்பைத் தொட்டியில் எது விழுகிறது என்று ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மெட்டல் டிடெக்டர் வைத்துக்கொண்டு பழங்காசு தேடி வயலில் அலைபவர்கள் மண்ணைக் கெடுக்கிறார்கள், பறவையை விரட்டுகிறார்கள், பூவை அழிக்கிறார்கள் என்று நான்கு வருடமாக ஊர்ச் செய்தித்தாளில் மாதம் ஒரு கடிதம் எழுதிவந்தார். கடிதம் நீளமாக இருக்கும். ஆதாரம் இருக்காது. அவற்றைப் படித்தோம் என்று எல்லோரும் சொல்வோம், யாரும் படித்ததில்லை.

இந்த வியாழக்கிழமை ஊர்மன்றத்தில் வாக்கெடுப்பு. ஊர் எல்லைக்குள் டிடெக்டருக்கே தடை. அதற்கு இரண்டு நாள் முன்னால் நாற்பது குழி.

காலை 8.30.

சார்ஜண்ட் ஷீலா தர்ட்டில் ரப்பர் பூட்ஸோடு வந்து சேர்ந்தாள். நாட்டுப்புறக் குற்றங்களுக்கு மாவட்டத்தில் அவள் ஒருத்திதான். திருட்டு டிராக்டர், காணாமல்போன ஆடு, இப்போது குழி. ஹார்ல்பியில்தான் படித்தாள்; அதனால் அவளுக்கு இந்த ஊர்மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது.

"ஷீலா, முதுகை நிமித்தி நில்லு" என்றார் ஹெஸ்டர்.

"சொல்லுங்க மிஸ்."

"பாதுகாக்கப்பட்ட புல்வெளி இது. இங்க பதினேழு அபூர்வ ஆர்கிட் செடி இருந்துது. பதினேழும் போச்சு. அந்த டெரெக் லார்ட்டர் நேத்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பக்கத்து வயல்ல அந்த மெஷினைத் தூக்கிக்கிட்டு நின்னான். நான் பார்த்தேன். விடியறதுக்குள்ள வேலி தாண்டி வந்திருக்கான்."

"பூ எங்க மிஸ்? நான் ஒண்ணும் பார்க்கலையே."

"மார்ச்சுல ஏது பூ? மே மாசந்தான் பூக்கும். இப்போ தரையோட ஒட்டின நாலு இலை, அவ்வளவுதான். நீ மிதிச்சாக்கூட உனக்குத் தெரியாது. படிக்கிறப்பவே நீ மந்தம்."

"அப்ப செடி எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"வரைபடம் இருக்கு. ஒவ்வொரு செடியையும் அளந்து குறிச்சிருக்கேன். ஆர்கிட் திருடங்க இருக்கானுங்க, அதனால யாருக்கும் காட்டுறதில்ல. குழுவுக்கே காட்டல. எங்க வீட்டு மேசையில பூட்டி வெச்சிருக்கேன், சாவி என் கழுத்துல."

அதைச் சொல்லும்போது ஹெஸ்டரின் கழுத்து ஒரு அங்குலம் உயர்ந்தது. ஆர்கிட்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். செடி இருக்கும் இடத்தைப் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். சொல்லாததைப் பற்றி மட்டும் ஊர் முழுக்கச் சொல்வார்கள்.

ஷீலா ஒரு குழியருகே குனிந்தாள். கால் முழம் ஆழம். தோண்டிய மண் ஓரத்தில் குவிந்திருந்தது. அடியில் ஒரு துருப்பிடித்த ஆணி. அடுத்த குழியிலும் ஓர் ஆணி. அதற்கடுத்ததிலும்.

"பாரு" என்றார் ஹெஸ்டர். "இந்தத் துருப்பிடிச்ச ஆணிக்காக! இதுதான் அவங்க பொழுதுபோக்கு."

நாற்பது ஆணிகளையும் எடுத்து ஷீலா பையில் போட்டாள். எல்லாம் விரல் நீளம், ஒரே அளவு. கைக்குட்டையால் ஒன்றைத் துடைத்தாள். கைக்குட்டையில் துருத்தூள்தான் ஒட்டியது.

காலை 9.20.

டெரெக் லார்ட்டர் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பேருந்தை அப்போதுதான் நிறுத்தியிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. டிடெக்டர் வாங்க ஆயிரத்து இருநூறு பவுண்டு கொடுத்தவர். பத்து வருடத்தில் அதை வைத்து அவர் கண்டெடுத்த செல்வம்: தேய்ந்த வெள்ளிக்காசு நான்கு, உடைந்த பெல்ட் கொக்கி ஒன்று, பீர் டின்னின் மூடி வளையங்கள் ஒரு வாளி. அந்தக் கொக்கியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பஞ்சில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். வருகிறவர்கள் மிகக் குறைவு.

"நான் இல்ல மேடம்" என்றார். "பண்ணைக்காரர் உழுத வயலுக்குத்தான் அனுமதி குடுத்திருக்கார். புல்வெளிப் பக்கம் நான் தலைவெச்சும் படுக்கல."

"விடிகாலையில எங்க இருந்தீங்க?"

"வீட்டுல. தூக்கம்."

"சாட்சி?"

"தனியாத் தூங்கறவனுக்கு ஏது மேடம் சாட்சி? கேசு போட்டா அன்னைக்கே பஸ் வேலை போயிடும். குத்தவாளிய பிள்ளைங்க வண்டி ஓட்ட விடமாட்டாங்க. இந்த வயசுல எனக்கு யாரு வேலை தருவாங்க?"

"உங்க மெஷினைக் காட்டுங்க."

காட்டினார். பேசத் தொடங்கியதும் பயம் பாதி போய்விட்டது. இந்த ஆட்களை மெஷின் பக்கம் திருப்பிவிட்டால் தூக்குமேடையில் நின்றுகூடப் பேசுவார்கள்.

"இதுல தாமிரம், வெள்ளி, ஈயம் எல்லாம் கத்தும். இரும்பை மட்டும் அடைச்சு வெச்சிருக்கேன். இல்லேன்னா நம்ம ஊர் மண்ணுல அடிக்கு ஒரு சத்தம், காது போயிடும். பத்து வருஷமா இதே செட்டிங்தான். எடுக்கற குப்பையெல்லாம் அந்த வாளியில."

"எதுக்குச் சேர்த்து வெச்சிருக்கீங்க?"

"வயல்லயே போட்டுட்டு வந்தா அடுத்த வாரம் அதே குப்பை மறுபடி கத்துமே மேடம். அதோட, புல்தரைன்னா மூணு பக்கம் அறுத்து மூடி மாதிரித் திறப்போம். எடுத்துட்டு அப்படியே மூடி மிதிச்சிடுவோம். ஒரு குழி திறந்து கெடந்தாலும் அனுமதி போயிடும்."

"தெரியும்" என்றாள் ஷீலா. "என் முன்னாள் புருஷனும் உங்க ஆளுதான். பதினோரு வருஷம் இதே பாடம் கேட்டேன். கல்யாண நாளன்னைக்கும் ஒரு ஈயக்குண்டைக் கொண்டு வந்து நீட்டினான்."

"எந்தக் காலத்துக் குண்டு மேடம்?"

ஷீலா வண்டியில் ஏறினாள். "மெஷினைத் தூக்கிக்கிட்டு பின்னாடியே வாங்க."

காலை 10.15.

நிலத்துக்குச் சொந்தக்காரர் நீல் கியூபிட். அந்தப் புல்வெளியில் விடுமுறைக்காரர்களுக்கு கேரவன் நிறுத்த இடம் போட வேண்டும் என்பது அவர் பல வருட ஆசை. ஆர்கிட் இருக்கும்வரை நடக்காது. அதனால் ஷீலா அவரையும் விடவில்லை.

"செடி போனது உங்களுக்கு லாபந்தானே?"

"லாபந்தான், அதுக்கு நான் ஏன் பொய் சொல்லணும்? ஆனா அந்தக் கண்றாவிச் செடி எங்க முளைக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மொத்தம் ஆறு ஏக்கர். என் நிலம், எனக்கே சொல்ல மாட்டேங்குது அந்தம்மா. கேட்டா முறைக்குது. பூக்கற மாசம் மொத்தப் புல்வெளியையும் சுத்திக் கம்பி கட்டி, உள்ள போகாதேன்னு எனக்கே நோட்டீஸ்."

"அப்ப நீங்க அழிக்கணும்னா?"

"ஆறு ஏக்கரையும் உழுவேன். ஒரு காலை வேலை. நாப்பது குழி தோண்டிக்கிட்டு இருக்க எனக்கென்ன பைத்தியமா?"

காலை 11.00.

புல்வெளியில் நால்வரும் நின்றார்கள். ஷீலா, டெரெக், கியூபிட், ஹெஸ்டர். மெஷினைக் கண்டதும் ஹெஸ்டர் குரலை உயர்த்தினார்.

"பாதுகாக்கப்பட்ட இடத்துல அதைக் கொண்டுவரக் கூடாது!"

"போலீஸ் வேலை மிஸ். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ஷீலா பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து ஒரு குழிக்குள் போட்டாள். டெரெக்கின் மெஷினைத் தானே வாங்கி அதன்மேல் வீசினாள். மெஷின் ஊமையாக இருந்தது. இன்னொரு குழி, இன்னோர் ஆணி. அங்கும் ஊமை. பத்து குழிகள் பார்த்தாள். ஒரு முனகல்கூட இல்லை.

பிறகு ஒரு குழியிலிருந்து இரண்டடி தள்ளி வீசினாள். மெஷின் வீறிட்டது. டெரெக்கின் கால் தானாக ஒரு அடி முன்னால் போனது.

"நில்லுங்க" என்றாள் ஷீலா. "யாரும் இங்க எதையும் தோண்டப் போறதில்ல."

"அது வெள்ளி மேடம்! அந்தச் சத்தம் வெள்ளி!"

"பாத்தீங்களா மிஸ்? வெள்ளியை விட்டுட்டு, மெஷினுக்கே கேக்காத ஆணியைத் தோண்டினாராம் இந்த மனுஷன். நாப்பது தடவை. அப்புறம் அந்த ஆணியைக் குழியிலயே விட்டுட்டுப் போனாராம். டின் மூடியக்கூட வீட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போற ஜாதி இது. இவங்க முட்டாளுங்கதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இப்படிப்பட்ட முட்டாளுங்க இல்ல."

டெரெக் நன்றி சொல்வதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் விழித்தார்.

ஷீலா ஆணிகளைக் கையில் கொட்டிக்கொண்டாள். "மண்ணுல வருஷக்கணக்காக் கெடந்த ஆணி, மண்ணும் துருவும் சேர்ந்து கட்டியாயிடும். ஒவ்வொண்ணும் ஒரு அளவா இருக்கும். இது நாப்பதும் ஒரே அளவு, ஒரு மண் பொட்டு ஒட்டல. தகர டப்பாவுல துருப்பிடிச்ச ஆணி. டிடெக்டர்காரங்க என்ன தோண்டுவாங்கன்னு கதை மட்டும் கேட்டவங்க, ஒருநாளும் கிட்ட நின்னு பாக்காதவங்க, அலங்காரத்துக்குப் போட்டது."

"அப்ப அது கியூபிட்தான்" என்றார் ஹெஸ்டர் சட்டென்று. "கேரவனுக்காக."

"ஏய், பாத்துப் பேசு!" என்று கியூபிட் கத்தினார்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன் மிஸ். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். மந்தம் இல்லையா, கொஞ்சம் நேரமாச்சு. ஆறு ஏக்கர். நாப்பது குழி. தரையோட ஒட்டின பதினேழு செடி, மிதிச்சாக்கூடத் தெரியாது. கண்ணை மூடிக்கிட்டுத் தோண்டினவனுக்கு ஒண்ணு மாட்டியிருக்கலாம், ரெண்டு மாட்டியிருக்கலாம். பதினேழும் எப்படி மாட்டும்? ஒண்ணுகூடத் தப்பலையே! தோண்டின ஆளுக்கு ஒவ்வொரு செடியும் எங்க இருக்குன்னு தெரியும். மிச்சம் இருபத்திமூணு குழி சும்மா கண்துடைப்பு."

ஹெஸ்டரின் கை கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டது.

"அந்த வரைபடம் யார்கிட்ட இருக்குன்னு நீங்களே சொன்னீங்க மிஸ். நான் கேக்கக்கூட இல்ல."

நண்பகல் 12.10.

ஹெஸ்டர் வீட்டுப் பின்புறக் கண்ணாடிக் கூடத்தில் பதினேழு பூத்தொட்டிகள் வரிசையாக இருந்தன. கடையில் வாங்கிய உயர்ந்த உரமண். ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு, அழகான தலைமையாசிரியைக் கையெழுத்தில். அலமாரியில் ஒரு தகர டப்பா, பாதி வரை துருப்பிடித்த ஆணிகள்.

"வாக்கெடுப்பு முடிஞ்சதும் திருப்பி நட்டிருப்பேன்" என்றார் ஹெஸ்டர். குரலில் வெட்கத்தைவிட எரிச்சல்தான் அதிகம். "இன்னைக்கு இல்லேன்னாலும் என்னைக்காவது அவங்க இதைச் செய்யத்தான் போறாங்க ஷீலா. நான் சொன்னது கொள்கையளவுல சரி."

"நாலு வருஷமா அவங்க செய்யலையே மிஸ். அதுதானே உங்க பிரச்சினை? நீங்களே செய்ய வேண்டியதாப் போச்சு."

அன்று மாலை தாவரவியல் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்து தொட்டிகளைப் பார்த்தார். இந்தச் செடி அந்தப் புல்வெளி மண்ணிலுள்ள பூஞ்சையை நம்பித்தான் வாழும்; இவ்வளவு சத்துள்ள உரமண்ணில் வேர் அழுகிவிடும் என்றார். திரும்ப நட்டால் மூன்று பிழைக்கலாம். நான்கு பிழைத்தால் அதிர்ஷ்டம்.

மார்ச் 14, வியாழன். மாலை 7.00.

ஊர்மன்றக் கூட்டம். தேநீர், பிஸ்கட், ஒன்பது உறுப்பினர்கள். தடைத் தீர்மானத்தைச் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஹெஸ்டர் வரவில்லை, அவர்மேல் வழக்குப் பதிவாகியிருந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார். திருமதி கெரிசன் இத்தனை வருடம் இயற்கைக்கு ஆற்றிய தொண்டுக்கு மன்றம் நன்றியைப் பதிவு செய்கிறது என்று வாசித்தார். சிலர் கைகூடத் தட்டினார்கள்.

பின்வரிசையில் டெரெக் எழுந்தார். கூட்டத்தில் அவர் வாய் திறந்ததே இல்லை.

"நாலு வருஷமா நான் உங்க மண்ணைக் கெடுக்கறேன்னு அந்தம்மா எழுதிச்சு. நீங்க எல்லாரும் தலையாட்டினீங்க. என் வேலையே போயிருக்கும்." மேசைப் பக்கம் ஒரு அடி வைத்தார். "ஒருத்தராவது, அந்தக் குழி எங்கம்மா, ஒண்ணைக் காட்டுன்னு அந்தம்மாகிட்ட கேட்டீங்களா?"

ஒன்பது பேரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். தலைவர் தாளைப் புரட்டி, அடுத்த பொருள், நாய்க்கழிவுத் தொட்டி எந்த மூலையில் வைப்பது என்றார். ஒன்பது கைகளும் உயர்ந்தன. எல்லோருக்கும் அதில் கருத்து இருந்தது.