மெம்பர் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

திருத்தணியில் அந்தத் தெருவுக்கு ஒரு கிணறு இருந்தது. கிணற்றுக்கு ஒரு காவல் இருந்தது. பஞ்சாயத்து போர்டு மெம்பர் கங்காதரன்தான் அந்தக் காவல். யாரும் அவரை நியமிக்கவில்லை. அவராகவே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பர்மாவில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம் அது. அங்கே பிழைக்கப் போயிருந்த தமிழர்கள் காடும் மலையும் நடந்து திரும்பி வந்தார்கள். அப்படி வந்த வேடியப்பன் குடும்பம், கூலி வேலை தேடிக்கொண்டு தெருக்கோடி மண்டபத்தில் தங்கியது.

அவர் மகள் மணியம்மை குடத்தோடு கிணற்றடிக்கு வந்தாள். மெம்பர் எழுந்து நின்றார்.

"எந்த ஊரும்மா நீ?"

"ரங்கூனுங்க."

"அப்போ ரங்கூன் கிணத்துல போய் மொண்டுக்கோ! வர்றவங்க போறவங்கல்லாம் மொண்டா எங்களுக்குச் சேறுதான் மிஞ்சும்."

அப்போதும் அவருடைய ஆள் அதே கிணற்றிலிருந்து அவர் தோட்டத்து வாழைகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். வாழைகள் உள்ளூரில் பிறந்தவை.

மணியம்மை நந்தியாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் கலங்கல் தண்ணீர் கொண்டு போனாள். அதைக் குடித்து அவள் தம்பிக்கு வயிற்றுப்போக்கு.

எதிர்வீட்டு வள்ளிநாயகிக்கு மனசு கேட்கவில்லை. பத்து வயதுப் பெண் அவள். தன் குடத்திலிருந்து பாதியை மணியம்மைக்கு ஊற்றினாள். மெம்பர் பார்த்துவிட்டார்.

"இன்னொரு வாட்டி ஊத்தினே, உங்க வூட்டுக்கும் தண்ணி கிடையாது, ஆங்!"

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊரெல்லாம் காவடி. காவடி தூக்கியவரிடம் யாரும் ஊர் கேட்பதில்லை, பேர் கேட்பதில்லை. எல்லோரும் 'சாமி'தான். அவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அந்தத் தெருவில் முதல் சொம்பு எப்போதும் மெம்பருடையது.

கிருத்திகைக்கு முதல் நாள் சாயங்காலம் வள்ளி மண்டபத்துக்குப் போனாள். வேடியப்பன் காவடிக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார்.

"காட்டுல நடந்து வரும்போது வேண்டிக்கினேன் பாப்பா. புள்ளைங்க உசிரோட வந்து சேர்ந்தா மலைக்குக் காவடின்னு. கொல்லைப்பக்கமா போய்டறேன். உங்க மெம்பர் கண்ணுல பட்டா வம்பு."

வள்ளி கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வேணாம் மாமா. எங்க தெரு வழியாவே வாங்க. கிணத்தடியில நில்லுங்க."

மறுநாள் மெம்பர் ஜரிகை வேட்டி கட்டி, வெள்ளிச் சொம்போடு நின்றார். மூன்று தெருவுக்குக் கேட்கிற குரலில் வரவேற்றார்.

"வாங்க சாமி! எந்த ஊரா இருந்தா இன்னா? நம்ம ஊருக்கு வந்துட்டா நம்ம ஆளு! நம்ம கிணத்துத் தண்ணி, வயிறாரக் குடிங்க!"

குனிந்து ஒரு ஜோடிக் காலில் தண்ணீர் ஊற்றினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிமிர்ந்தார்.

பூக்களுக்கு நடுவே வேடியப்பன் முகம். பின்னால் மணியம்மை, இடுப்பில் தம்பி.

சொம்பு அந்தரத்தில் நின்றது. தெருவே பார்த்தது.

"மெம்பர் மாமா," என்றாள் வள்ளி. "காவடியை எறக்கினப்புறமும் இந்தச் சாமிக்குத் தாகம் எடுக்குமில்ல? நாளைக்கு அவரு எந்தக் கிணத்துல மொள்ளுவாரு?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூக்காரி கௌரியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பொண்ணு கேக்குதில்ல, சொல்லுங்க மெம்பரே!" என்றாள்.

மெம்பர் சொம்பை இறக்கினார். சுற்றிலும் பார்த்தார். பிறகு வழக்கத்தைவிடச் சத்தமாக, "இன்னா கேள்வி இது? இதே கிணத்துலதான்!" என்றார்.

வள்ளி கிணற்றிலிருந்து மொண்டு கொடுத்த ஒரு சொம்புத் தண்ணீரை வேடியப்பன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அரோகரா!" என்று மலையைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் காலையில் மெம்பர் வழியில் போகிறவர்களை நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். "பர்மாக்காரங்களுக்குக் கிணத்தை விட்டதே நான்தான். யார் தடுத்தாலும் உடமாட்டேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்!"

கிணற்றடியில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த வள்ளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதடி, குடம் உள்ளே பூடும்!" என்று சொல்லிக்கொண்டே மணியம்மையும் கயிற்றைப் பிடித்தாள்.

குடம் தளும்பத் தளும்ப மேலே வந்தது.