பெப்பர்மின்ட் டீயில் ஐந்து குறைகள்

அன்று காலை நீலமுகில் நகரத்தில் பதினெட்டுப் பேர் டீ குடிக்கும் தேர்வுக்குப் புறப்பட்டார்கள். மங்கையர்க்கரசி செருப்பைக் கால் மாற்றி மாட்டினாள். கணவன் தில்லைநாதன் தேர்வுச் சீட்டை மூன்றாவது முறையாகச் சரிபார்த்தான். நான்கு வயது மகள் குயிலி மட்டும், "அம்மா, நல்லா குடிச்சிட்டு வா!" என்று சிரித்தபடி கையாட்டினாள். அரசி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

நீலமுகில், வெள்ளிக் கிரகத்தின் மேகங்களில் மிதக்கும் நகரம். வெளியே கந்தக அமிலம். உள்ளே இருக்கும் காற்றை ஒவ்வொரு மூச்சுக்கும் தயாரித்தாக வேண்டும். பதறுகிற மனிதன் ஒன்றரை ஆளின் காற்றை இழுத்துவிடுகிறான் என்று நகர மன்றம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பெரியவர்கள் எல்லோரும் ஒரு கோப்பை பெப்பர்மின்ட் டீயை ஏழு நிமிடம் ரசித்துக் குடித்துக் காட்ட வேண்டும். அங்கே களை மாதிரி மண்டி வளர்வது பெப்பர்மின்ட் ஒன்றுதான்.

காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், துவரம்பருப்பு அளவில் ஒரு ரசனைமானி. பதறினால் மேசை விளக்கு சிவப்பாகும், ரசித்தால் பச்சை. மணி அடிக்கும்போது பச்சை எரிந்தால் தேர்ச்சி. மொத்தத்தில் மூன்று முறை தோற்றால் பூமிக்குத் திரும்பும் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். பன்னிரண்டு வயதாகாத குழந்தைகளுக்கு அந்தக் கப்பலில் இடம் கிடையாது.

அரசி ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள்.

டீதானே, இதில் என்ன பிரமாதம் என்று கேட்பீர்கள். பெற்ற பிள்ளையை எட்டு வருஷம் பிரிய வேண்டுமா வேண்டாமா என்பதை ஒரு கோப்பை முடிவு செய்யும் என்றால், நீங்களும் குடித்துப் பாருங்கள், தெரியும்.

தேர்வு என்று ஒன்று வந்தால் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? 'பச்சைவிளக்கு பயிற்சி மையம்' இரண்டாம் தளம் முழுவதையும் வளைத்துப் போட்டிருந்தது. ரசிப்பதற்குப் பதினோரு படிகள். கோப்பையை இரு கைகளாலும் ஏந்துக. ஆவியை முகர்ந்து நான்கு வரை எண்ணுக. மூன்றாம் மிடறில் கண்களை மூடுக. அரசி மூன்று மாதம் விடாமல் போய், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

தேர்வுக் கூடத்தில் ரோபோ கோப்பையை வைத்துவிட்டு மணியை அடித்தது. அரசி ஏந்தினாள், முகர்ந்தாள், எண்ணினாள். விளக்கு சிவப்பு. மூன்றாம் மிடறில் கண்ணை மூடினாள். இமைக்குள்ளே குயிலி கையாட்டினாள். விளக்கு இன்னும் சிவந்தது. ஐந்தாம் படி என்ன? நாக்கின் ஓரமா, நடுவா? அத்தனையும் மறந்துபோய்விட்டது. நான்கு நிமிடம் போயே போய்விட்டது.

பக்கத்து மேசையில் காற்றுக்குழாய் பழுது பார்க்கும் சவரிமுத்து. அவருடைய விளக்கும் சிவப்புதான். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, இது டீயா? பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரில்ல இருக்கு!"

அரசிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த ரோபோ மூடி போடவே இல்ல அண்ணாச்சி. இலையைப் போட்டு அஞ்சு நிமிஷமாச்சும் மூடி வைக்க வேணாமா? வாசனையெல்லாம் ஆவியோட போயிடுச்சு!"

"கொதிக்கக் கொதிக்க வேற ஊத்திருக்கு. இலை வெந்துபோச்சு."

"அதான் இந்தக் கசப்பு!" நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு மிடறு குடித்தாள். "இலையைக் கையில லேசா கசக்கிப் போட்டா என்ன கொறஞ்சிடும்?"

"கசக்குறதா? போன வருஷத்துச் சருகும்மா இது. கசக்குனா பொடியாயிரும்."

அரசி களுக்கென்று சிரித்துவிட்டாள். ரோபோ விதிப்புத்தகத்தைப் புரட்டியது. பேசக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அதுவரை அந்தக் கூடத்தில் எவரும் பேசியதே கிடையாது. இருவரும் மன்றத்தையும் மன்றத்தின் கோப்பைகளையும் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. குனிந்து பார்த்தால் இரண்டு மேசையிலும் பச்சை!

வீட்டு வாசலில் குயிலியைத் தூக்கி அணைத்துக்கொண்டு அரசி ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நகர மன்றம் பதிவுகளை ஆராய்ந்தது. குறை சொன்ன இருவருக்கு மட்டும் இப்படிப் பளிச்சென்று பச்சை எரிந்திருக்கிறது; ஆக, குறை சொல்வதே ரசனையின் உச்சம் என்று முடிவு கட்டியது. மறு மாதமே புதிய விதி வந்தது. ஏழு நிமிடத்துக்குள் ஐந்து குறைகளாவது சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தால், பச்சையே எரிந்தாலும் தோல்விதான். பயிற்சி மையம் அரசியின் முகத்தை வாசல் திரையில் பெரிதாகப் போட்டு, 'ஐம்பது முக்கியக் குறைகள்' என்று கைடு வெளியிட்டது. மாலை வகுப்பில் முப்பது பேர் கோரஸாக, "இதெல்லாம் ஒரு டீயா?" என்று ஒப்பித்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

மன்றம் அத்தோடு விடவில்லை. பொறுப்பான மன்றமாயிற்றே! அரசியும் சவரிமுத்துவும் சொன்ன குறைகளை எழுதியெடுத்து, ரோபோக்களுக்கு அத்தனையையும் திருத்திக் கொடுத்தது.

அடுத்த தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது பயிற்சிக்காக மன்றத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கோப்பை டீ வந்தது. தில்லைநாதன் கையில் கடிகாரத்துடன் உட்கார்ந்தான்.

"ஆரம்பி. முதல் குறை."

அரசி மூடியைத் திறந்தாள். குளிர்ந்த வாசனை நெற்றிவரை ஏறியது. கிள்ளி இரண்டு மணி நேரம்கூட ஆகாத இலை. பதமான சூடு. ஒரு மிடறு குடித்தாள். தொண்டையில் சூடாக இறங்கி நெஞ்சில் சில்லென்று பரவியது. இன்னொரு மிடறு குடித்தாள். தோள்கள் தாமாகத் தளர்ந்தன. இங்கே வந்து இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு டீயை அவள் குடித்ததே இல்லை.

"சொல்லு அரசி. நிமிஷம் ஓடுது."

"என்னங்க..." அவள் முகம் வெளிறிவிட்டது. "நல்லா இருக்குங்க."

"மெதுவாப் பேசுடி!" தில்லைநாதன் எழுந்து ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான். "நிஜமாவா?"

"ரொம்ப நல்லா இருக்கு. நான் என்ன பண்ணுவேன்?"

குயிலி ஓடி வந்து, "எனக்கு ஒரு வாய்மா" என்று மடியில் ஏறினாள். அரசி மீதி டீயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, கைடைப் பிரித்து, முதல் குறையிலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்கினாள்.